பேக்கப்பிலிருந்து கோப்புகளைக் கட்டளை வரியில் மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோப்பு போய்விட்டது, பேக்கப் இருக்கிறது, டெர்மினலும் திறந்தாகிவிட்டது. அடுத்து என்ன அடிப்பது என்கிற இடத்தில்தான் எல்லோருக்கும் கை நிற்கும். அங்கே வருகிற கேள்விகளைத்தான் இங்கே எடுத்திருக்கிறேன். கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் வாயால் சொல்கிறபடி தமிழிலேயே எழுதியிருக்கிறேன், நீங்கள் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் "பெரிய" என்று சொல்லியிருப்பேன், சொல்லாத இடமெல்லாம் சின்ன எழுத்து.

பேக்கப் கையில் இருக்கிறது. முதல் வேலை என்ன?

மீட்காமல் இருப்பது. கிண்டல் இல்லை. கோப்பு தொலைந்ததால் ஆகிற நஷ்டத்தைவிட, பதறிப்போய் மீட்கும்போது நல்ல கோப்பின் மேல் பழைய கோப்பை ஏற்றிவிடுவதால் ஆகிற நஷ்டத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பேக்கப்புக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பட்டியல் எடுங்கள். டார் கோப்பு, அதாவது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய ஆர்க்கைவ் என்றால்:

டார் -டிவிஎஃப் பேக்கப்.டார் | லெஸ்

இதில் வருகிற டி, டார் என்ற பெயரின் முதல் எழுத்துதான், பட்டியல் காட்டு என்று அர்த்தம். இது எதையும் பிரிக்காது, எதையும் எழுதாது, எத்தனை தடவை ஓட்டினாலும் ஆபத்தில்லை. பட்டியலில் பாதை எப்படித் தொடங்குகிறது, தேதிகள் என்ன, நீங்கள் தேடுவது உண்மையிலேயே உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் காலியான ஒரு புதிய கோப்புறை உருவாக்கி அதற்குள் மீட்டெடுங்கள். பழைய இடத்திலேயே நேரடியாகப் பிரிக்காதீர்கள். டாரில் பெரிய சி ஆப்ஷனோடு கோப்புறையின் பெயரைக் கொடுத்தால் அங்கே போய்ப் பிரிக்கும், ஆனால் அந்தக் கோப்புறை முன்பே இருக்க வேண்டும், டார் உங்களுக்காக உருவாக்காது.

இடம் போதுமா என்பதையும் டிஎஃப் கட்டளையில் பார்த்துவிடுங்கள். சுருக்கிய கோப்பு விரிந்தால் எவ்வளவு வரும் என்று ஜிஜிப் -எல் சொல்லும், ஆனால் பழைய ஜிஜிப் 4 ஜிபிக்கு மேல் போனால் தப்புக் கணக்குதான் காட்டும், 2022-இல் வந்த 1.12 பதிப்பில்தான் அதைச் சரிசெய்தார்கள்.

எக்ஸ் அடிக்க வேண்டிய இடத்தில் சி அடித்துவிட்டேன். என்ன ஆகும்?

ஆகக்கூடாதது ஆகும். எக்ஸ் என்றால் பிரி, சின்ன சி என்றால் புதிதாக உருவாக்கு. விசைப்பலகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு.

எனக்கே நடந்தது. இரவு ஒன்றரை மணி, 38 ஜிபி டார் கோப்பு, உள்ளே இருந்த ஒரு கோப்புறை மட்டும் வேண்டும். -எக்ஸ்எஃப் என்று நினைத்துக்கொண்டு -சிஎஃப் அடித்து, பேக்கப் கோப்பின் பெயரையும் கோப்புறையின் பெயரையும் கொடுத்தேன். "அப்படி ஒரு கோப்புறை இல்லை" என்று ஒரு பிழைச் செய்தி வந்தது. சரி, பெயரில்தான் தப்பு என்று நினைத்து எல்எஸ் -எல் போட்டால் பேக்கப்பின் அளவு 10240 பைட். டார் தன் வேலையை 512 பைட் கட்டம் கட்டமாக, 20 கட்டம் சேர்த்து எழுதும், ஆக ஒன்றுமே இல்லாத டார் கோப்பின் அளவுதான் அந்த 10240. கோப்புறை இல்லை என்று கண்டுபிடிப்பதற்கு முன்பே டார் பேக்கப்பைத் திறந்து காலி செய்துவிட்டிருந்தது. இரண்டு வாரம் பழைய நகல் ஒன்று வெளி டிஸ்க்கில் இருந்ததால் தப்பித்தேன், அந்த இரண்டு வார வேலை போனது போனதுதான்.

கோப்புறையின் பெயர் எதுவுமே கொடுக்காமல் -சிஎஃப் அடித்தால் லினக்ஸில் வருகிற குனு டார் "காலி ஆர்க்கைவை உருவாக்க எனக்குத் தைரியமில்லை" என்கிற மாதிரி ஒரு செய்தி சொல்லி நின்றுவிடும். அந்தக் கோழைத்தனம் எவ்வளவு பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம்: மீட்க உட்காரும் முன் சிஎச்மாட் ஏ-டபிள்யூ போட்டு பேக்கப் கோப்பின் எழுதும் அனுமதியை எடுத்துவிடுவேன். ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக வேலை செய்தால் அது நிற்காது, லினக்ஸில் சிஎச்ஆட்டர் +ஐ போட வேண்டும். வெளி டிஸ்க் என்றால் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்துவிடலாம், அது இன்னும் நிம்மதி.

இன்னொரு சின்ன விஷயம், எஃப் என்பது தனக்கு அடுத்து வருவதைக் கோப்பின் பெயராக எடுத்துக்கொள்ளும். -எஃப்எக்ஸ் என்று மாற்றி அடித்தால் எக்ஸ் என்பதையே பேக்கப்பின் பெயராக எடுத்துக்கொண்டு, என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லவே இல்லை என்று பிழை காட்டும். எஃப் எப்போதும் கடைசியில்.

ஒரே ஒரு கோப்புதான் வேண்டும். பெயரைக் கொடுத்தால் "ஆர்க்கைவில் இல்லை" என்கிறது. ஆனால் இருக்கிறதே!

பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுக்க வேண்டும், ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. பேக்கப் எடுத்தவர் புள்ளியைக் கொடுத்து, அதாவது "இந்தக் கோப்புறை" என்று சொல்லி எடுத்திருந்தால் உள்ளே எல்லாப் பெயரும் ./ என்று தொடங்கும். அப்போது "கடிதம்.டிஎக்ஸ்டி" என்று கேட்டால் கிடைக்காது, "./கடிதம்.டிஎக்ஸ்டி" என்று கேட்க வேண்டும். முழுப் பாதை கொடுத்து எடுத்திருந்தால் நேர் எதிர்: முன்னால் இருக்கும் சாய்கோட்டை டார் நீக்கிவிட்டுத்தான் சேமிக்கும், நீங்களும் அது இல்லாமல்தான் கேட்க வேண்டும். அப்படி நீக்குவது நல்லதற்குத்தான், இல்லாவிட்டால் நீங்கள் எங்கே நின்று பிரித்தாலும் நேராகப் பழைய இடத்தில் போய் எழுதிவிடும். பெரிய பி ஆப்ஷன் இந்தப் பாதுகாப்பை எடுத்துவிடும், தெரியாமல் தொடாதீர்கள்.

நட்சத்திரக் குறி போட்டுத் தேட வேண்டுமானால் குனு டாரில் --வைல்ட்கார்ட்ஸ் சேர்க்க வேண்டும், கூடவே பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். மேற்கோள் இல்லையென்றால் ஷெல் முந்திக்கொண்டு இப்போது நிற்கிற கோப்புறையில் இருக்கும் பெயர்களால் அந்த நட்சத்திரத்தை நிரப்பிவிடும், டாருக்கு வேறு எதுவோ போய்ச் சேரும்.

கோப்பைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதைப் படித்தால் போதும் என்றால் -எக்ஸ் உடன் பெரிய ஓ சேர்த்துக் கொடுங்கள், உள்ளடக்கம் திரையிலேயே வரும். இரண்டு நாள் பேக்கப்பில் எது சரியான பதிப்பு என்று பார்க்க இதைவிட வசதி இல்லை.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறேன். கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது, ஆனால் பொருந்தவில்லை.

இது நம்மவர்களுக்கென்றே இருக்கும் தலைவலி. "கொ" என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், எகரக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். "கோ", "கௌ" இரண்டுக்கும் இதே கதைதான். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனால் கணினிக்கு அவை வேறு வேறு பெயர்கள். மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் எல்லாவற்றையும் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். அங்கே எடுத்த பேக்கப்பை லினக்ஸில் வைத்துக்கொண்டு "கோப்பு" என்று நீங்கள் அடித்துத் தேடினால் கிடைக்காமல் போவது அதனால்தான். பெயரை அடிக்காமல் பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள், அல்லது சந்தேகமான எழுத்தின் இடத்தில் நட்சத்திரம் போடுங்கள்.

பட்டியலில் பெயருக்குப் பதில் \340\256 என்று எண்ணாக வரிசையாக வந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. தமிழ் எழுத்தின் யூடிஎஃப்-8 பைட்டுகள் அவை, டெர்மினலின் மொழி அமைப்பு சரியில்லாததால் டார் அப்படிக் காட்டுகிறது, பிரித்தால் பெயர் ஒழுங்காக வரும்.

பிரிக்கும் இடத்தில் அதே பெயரில் கோப்பு இருந்தால் கேட்குமா?

கேட்காது. மேலே எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். தடுக்க வேண்டுமானால் -கே கொடுங்கள், இருப்பதைத் தொடாது, ஆனால் குனு டார் ஒவ்வொன்றையும் பிழையாகக் கணக்கில் எடுக்கும். சத்தம் இல்லாமல் தாண்டிப் போக --ஸ்கிப்-ஓல்டு-ஃபைல்ஸ். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து கூடவே வருகிற டாரும் மேக்கில் இருக்கும் டாரும் குனு டார் இல்லை, பிஎஸ்டி வகை, அதனால் இந்த நீளமான ஆப்ஷன்களில் சில அங்கே ஓடாது. -கே இரண்டிலும் உண்டு.

புதியதை விட்டுவிட்டு பழையதை மட்டும் மாற்று என்று சொல்ல முடியாதா?

முடியும். டாரில் --கீப்-நியூவர்-ஃபைல்ஸ், இரண்டு இடங்களை ஒப்பிட்டு நகலெடுக்கும் ஆர்சிங்கில் -யு. கேட்கப் புத்திசாலித்தனமாக இருக்கும், மீட்கும்போதுதான் காலை வாரும். யோசித்துப் பாருங்கள், நீங்கள் ஏன் மீட்கிறீர்கள்? ஒரு நிரல் கோப்பைக் குழப்பி எழுதியிருக்கும், அல்லது பணம் பறிக்கும் வைரஸ் பூட்டியிருக்கும். அந்தக் கெட்ட கோப்பின் தேதிதான் இப்போது புதிது! -யு கொடுத்தால் கெட்டதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நல்லதை ஏற்றாமல் விட்டுவிடும், பிழைச் செய்திகூட வராது. பாதி கோப்புகள் அழிந்துபோன சூழலில் மட்டும் இந்த ஆப்ஷன் சரி, கெட்டுப்போன சூழலில் கூடவே கூடாது.

ஆர்சிங்கில் திருப்பி எடுக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

மூன்று இடங்கள், மூன்றிலும் விழுந்தவர்கள் உண்டு.

மூலப் பாதையின் கடைசியில் வரும் சாய்கோடு முதலாவது. பேக்கப்/ஆவணங்கள்/ என்று கோட்டோடு கொடுத்தால் உள்ளே இருப்பவை போகும். கோடு இல்லாமல் கொடுத்தால் அந்தக் கோப்புறையே போகும், ஆவணங்களுக்குள் இன்னோர் ஆவணங்கள் என்று வந்து நிற்கும். இது அசிங்கம் மட்டும்தான், நஷ்டம் இல்லை. நஷ்டம் வருவது --டிலீட்டில்தான், அது இரண்டாவது.

பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டில் --டிலீட் இருந்திருக்கும், மீட்கும்போது அதே வரியை எடுத்து இடம் வலம் மாற்றிப் போட்டு ஓட்டுவோம். பேக்கப்புக்குப் பிறகு நீங்கள் உருவாக்கிய புதிய கோப்புகள் எல்லாம் "மூலத்தில் இல்லை" என்று அழிக்கப்படும். மீட்பதற்கு --டிலீட் வேண்டியதே இல்லை. முழுக்க அன்றைய நிலைக்கே திரும்ப வேண்டும் என்று தெரிந்தே செய்கிறவர்கள் --பேக்கப், --பேக்கப்-டிர் இரண்டையும் சேர்த்தால் அழிக்கப்படுவதும் மாற்றப்படுவதும் ஓரமாக ஒரு கோப்புறையில் போய்ச் சேரும்.

மூன்றாவது, ஆர்சிங்க் கோப்பின் அளவையும் மாற்றிய நேரத்தையும் மட்டும்தான் ஒப்பிடும். டிஸ்க் பழுதால் உள்ளே இரண்டு பைட் மாறி, அளவும் நேரமும் அப்படியே இருந்தால் "ஒன்றுதான்" என்று தாண்டிவிடும். -சி கொடுத்தால் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டுப் பார்க்கும், நேரம் நிறையப் பிடிக்கும், பரவாயில்லை.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் -என் மற்றும் -ஐ சேர்த்து ஒரு தடவை ஓட்டுங்கள். ஒன்றையும் தொடாமல் என்னென்ன செய்வேன் என்று வரிவரியாகச் சொல்லும். "டிலீட்டிங்" என்ற சொல் அதில் எங்காவது வந்தால் நிறுத்திவிட்டுத் தேநீர் இடைவேளை எடுங்கள்.

கோப்பு வந்துவிட்டது, ஆனால் உரிமையாளரும் அனுமதியும் மாறிவிட்டன.

சாதாரண பயனராகப் பிரித்தால் எல்லாம் உங்கள் பெயரில்தான் வரும், வேறு வழியில்லை. அனுமதிகளாவது அப்படியே வேண்டுமானால் டாரில் சின்ன பி, அதாவது பர்மிஷனுக்கான பி. ரூட்டாகப் பிரித்தால் இரண்டும் தானாகவே காக்கப்படும், ஆனால் அங்கே ஒரு சூட்சுமம்: டார் முதலில் பயனர் பெயரைத்தான் பார்க்கும், எண்ணை இல்லை. லைவ் டிஸ்க்கில் பூட் செய்து ஒரு முழு சிஸ்டத்தை மீட்கும்போது அந்த லைவ் சிஸ்டத்தில் அதே பெயருக்கு வேறு எண் இருந்தால் எல்லாம் தப்பாகப் போய்விடும், சில சேவைகள் காரணமே தெரியாமல் எழ மறுக்கும். டாரில் --நியூமரிக்-ஓனர், ஆர்சிங்கில் --நியூமரிக்-ஐடிஸ் சேர்த்தால் பிரச்சினை இல்லை.

ஆர்சிங்கின் -ஏ எல்லாவற்றையும் காக்கும் என்று நினைப்பவர்களுக்கு: ஹார்டு லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்), ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்), நீட்டிப்புப் பண்புகள் இவை அதில் சேராது, பெரிய எச், பெரிய ஏ, பெரிய எக்ஸ் தனியாகக் கொடுக்க வேண்டும். பேக்கப் இடையில் ஃபேட் வகை பென்டிரைவில் தங்கியிருந்தால், டாராகக் கட்டாமல் கோப்புகளாகவே போட்டிருந்தால், அனுமதிகள் அப்போதே போய்விட்டன. எந்த ஆப்ஷனும் திருப்பித் தராது.

ஞாயிறு முழு பேக்கப், மற்ற நாள்களில் மாறியவை மட்டும். எப்படிச் சேர்ப்பது?

வரிசையாக. முழுதை முதலில், அப்புறம் திங்கள், செவ்வாய் என்று ஒவ்வொன்றாக. குனு டாரில் எடுத்திருந்தால் பிரிக்கும்போதும் --லிஸ்டெட்-இன்கிரிமெண்டல் கொடுத்து, கோப்புப் பெயரின் இடத்தில் /டெவ்/நல் போடுங்கள். அது அன்றைக்கு இருந்த நிலையை அப்படியே கொண்டுவரப் பார்க்கும், அதாவது திங்களன்று நீங்கள் அழித்ததை இதுவும் அழிக்கும். அதே காரணத்தால், வேறு கோப்புகள் இருக்கும் இடத்தில் இதை ஓட்டினால் அவற்றையும் தூக்கிவிடும். காலிக் கோப்புறை என்று ஆரம்பத்தில் நான் பிடிவாதமாகச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

ரெஸ்டிக், போர்க் இவற்றில்?

பேக்கப் எடுக்கவென்றே எழுதிய நிரல்கள் இவை. இரண்டும் நல்லவை, பழக்கம் மட்டும் வேறு. ரெஸ்டிக்கில் முதலில் ஸ்நாப்ஷாட்ஸ் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் எடுத்த பேக்கப்புகளின் பட்டியல் தரும், பிறகு ரெஸ்டோர், ஸ்நாப்ஷாட்டின் எண், --டார்கெட் என்று இடம். வேண்டியதை மட்டும் எடுக்க --இன்க்ளூட். எண்ணுக்குப் பதில் லேட்டஸ்ட் என்றும் சொல்லலாம், ஆனால் கடைசி ஸ்நாப்ஷாட் கோப்பு கெட்ட பிறகு எடுத்ததாக இருந்தால் கெட்டதுதான் திரும்ப வரும், தேதியைப் பார்த்து எண்ணைக் கொடுப்பதே நல்லது. போர்க்கில் --டார்கெட் மாதிரி எதுவும் கிடையாது, எக்ஸ்ட்ராக்ட் என்றால் நீங்கள் நிற்கிற இடத்திலேயே கொட்டும். அதனால் முதலில் சிடி கட்டளை போட்டுக் காலிக் கோப்புறைக்குப் போங்கள், அப்புறம் போர்க்.

கடவுச்சொல் மறந்துவிட்டதா? ஒன்றும் செய்ய முடியாது. அதற்காகத்தான் பூட்டியே வைத்திருக்கிறது.

விண்டோஸில் ரோபோகாப்பி வைத்து மீட்கலாமா?

தாராளமாக. /இ கொடுத்தால் உள் கோப்புறைகளோடு வரும். /எம்ஐஆர் வேண்டாம், அது ஆர்சிங்கின் --டிலீட்டுக்கு உடன்பிறப்பு. /எல் சேர்த்தால் ஒத்திகை. /ஆர் மற்றும் /டபிள்யூ இரண்டையும் கட்டாயம் குறைத்துக் கொடுங்கள், இல்லையென்றால் படிக்க முடியாத ஒரே கோப்புக்காக 10 லட்சம் தடவை, தடவைக்கு 30 விநாடி காத்திருந்து முயன்றுகொண்டே இருக்கும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு வருடம் வருகிறது. அதுதான் அதன் இயல்பு அமைப்பு, நம்புங்கள்.

ஆர்க்கைவே பாதியில் கெட்டிருக்கிறது என்கிறது.

"கோப்பு எதிர்பாராமல் முடிந்துவிட்டது" என்று வந்தால் பெரும்பாலும் நகல் பாதியில் நின்றிருக்கும், மூலத்தோடு அளவை ஒப்பிட்டு மறுபடி நகலெடுத்துப் பாருங்கள். துண்டு துண்டாக வெட்டிய பேக்கப் என்றால் கேட் கட்டளையில் வரிசையாகச் சேர்த்து டாருக்கு ஊட்டலாம், ஒரு துண்டு விட்டுப்போனாலும் இதே செய்திதான் வரும். உண்மையிலேயே கெட்டிருந்தால், ஜிஜிப்பில் கெட்ட இடம் வரை வருவதுதான் சாதாரணமாகக் கிடைக்கும். பிஜிப்2 கொஞ்சம் கருணை உள்ளது, அதிகபட்சம் 900 கேபி அளவிலான தனித்தனித் தொகுதிகளாகச் சுருக்குவதால், பிஜிப்2ரெகவர் போட்டால் நல்ல தொகுதிகளைப் பிரித்துத் தரும்.

டேட்டாபேஸ் டம்ப்பையும் இப்படியே ஏற்றலாமா?

காலிக் கோப்புறை என்பதற்குப் பதில் காலி டேட்டாபேஸ், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளை எழுதி எடுக்கும் கோப்பில், அதாவது டம்ப்பில், ஒவ்வோர் அட்டவணைக்கும் முன்னால் "இருந்தால் அழி" என்று வரி இருக்கும், இயல்பாகவே. ஓடிக்கொண்டிருக்கிற டேட்டாபேஸில் ஏற்றினால் முதல் வேலையாக இருப்பதை அழிக்கும். சரி, புதிய பெயரில் ஒன்று உருவாக்கி ஏற்றலாம் என்றால், டம்ப் எடுக்கும்போது --டேட்டாபேசஸ் கொடுத்திருந்தால் உள்ளே "யூஸ்" என்ற வரியோடு பழைய பெயரே இருக்கும், நீங்கள் எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பழையதிலேயே போய் விழும். ஏற்றும் முன் கிரெப் போட்டு யூஸ் வரி இருக்கிறதா என்று பாருங்கள், 10 விநாடி வேலை.

ஒழுங்காக முடிந்ததா என்று எப்படித் தெரியும்?

திரையில் பெயர்கள் ஓடி முடிந்தது என்பது சாட்சி இல்லை. கட்டளை முடிந்ததும் லினக்ஸிலும் மேக்கிலும் எக்கோ $? அடியுங்கள், எப்படி முடிந்தது என்று ஓர் எண்ணில் சொல்லும். டாரில் 0 வந்தால் சரி, 2 வந்தால் மோசமான பிழை. ஆர்சிங்கில் 23 என்றால் சில கோப்புகள் வரவில்லை. ரோபோகாப்பி மட்டும் தனி வழி, 8-க்குக் கீழே எல்லாம் வெற்றி, 1 வந்ததைப் பார்த்துப் பதறி மறுபடி ஓட்டியவர்களைத் தெரியும். பேக்கப் எடுத்தபோது ஷா256சம் பட்டியல் சேமித்திருந்தால் இப்போது -சி கொடுத்து ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் நான்கைந்து கோப்புகளைக் கையால் திறந்து பாருங்கள், அளவு பூஜ்யமாக இருப்பவை உண்டா என்று ஃபைண்ட் போட்டுத் தேடுங்கள்.

தொலைவில் இருக்கும் கணினியில் எஸ்எஸ்எச் வழியாகச் செய்கிறவர்கள், இணைப்பு போனாலும் வேலையை நிறுத்தாத டிமக்ஸ் அல்லது ஸ்கிரீனுக்குள் ஓட்டுங்கள். இல்லையென்றால் இணைப்பு அறுந்ததும் மீட்பும் பாதியில் நிற்கும்.

சரிபார்த்தாகிவிட்டது. இனி பழைய கெட்ட கோப்புறையை அழித்துவிடலாமா?

பெயரை மட்டும் மாற்றி, பின்னால் ".பழையது" என்று ஒட்டி, மீட்டதை எம்வி போட்டு அந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரே டிஸ்க் என்றால் கண் சிமிட்டும் நேரம். பழையதை ஒரு மாதம் அப்படியே விடுங்கள். மூன்றாவது வாரத்தில்தான் யாராவது வந்து "அதிலே ஒரு கோப்பு இருந்ததே" என்பார்கள்.